‘வாங்க’ சொல்லாத வினோலியா சிஸ்டர்

மெத்தையின் இரண்டு முனைகளையும் பிடித்து, தலைமாடு கால்மாடாகும்படி ஒரே வீச்சில் திருப்பிப் போடுகிறார் வினோலியா சிஸ்டர். ‘ஆன் த மெண்ட்’ என்று உதடு முணுமுணுக்கிறது. உறை மாற்றும்போது இன்னொரு முறை: ‘ஹீ இஸ் ஆன் த மெண்ட்.’ கட்டிலில் கிடந்தவர் சற்று முன்புதான் வீட்டுக்குக் கிளம்பினார்; அவருடைய ஆட்டோ இந்நேரம் ஆனைக்குட்டம் பாதையைப் பிடித்திருக்கும். அவர் வாசலைத் தாண்டும்வரை சிஸ்டர் மெத்தையைத் தொடவில்லை. தாண்டிய பிறகு ஒரு நிமிடமும் விட்டுவைக்கவில்லை. படுத்திருந்த வாக்கிலேயே கிடந்தால் மெத்தை அதே ஆளை மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். டிரெசிங் அறையில் நோயாளி உட்காரும் நாற்காலிக்கும் இதே விதிதான். கட்டு மாற்றிக்கொண்டு ஆள் எழுந்து போனதும் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். அடுத்தவர் வந்தால்தான் மறுபடி முகம் காட்டும்.

உறையின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மாரிச்செல்வி இந்த வார்டின் உதவியாளர். சிஸ்டரைவிட மூத்தவர்.

“இன்னைக்கி என்ன பாடம் சிஸ்டர்?”

“ஆன் த மெண்ட்.”

“அப்படின்னா?”

“தேறி வர்றாகன்னு அர்த்தம்க்கா.”

“தேறி வர்றாகன்னே சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்கு வாய இம்புட்டுச் சுளிக்கணும்?”

சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு இது. வினோலியா இங்கே சேர்ந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது தொப்பிக்குள் அடங்காத அளவுக்கு இருக்கிறது. மெத்தை விஷயம் எப்படியோ சபைவரை எட்டி, போதகரின் மனைவி ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார், “இதெல்லாம் விசுவாசக் கொறச்சல் இல்லையா வினோலியா?” சிஸ்டர் பணிவாகத்தான் பதில் சொன்னார்: “மேல இருக்கவுகட்ட விசுவாசமாத்தான் இருக்கேன் ஐயாம்மா. மெத்தய மட்டும் நம்ப முடியல.”

மருத்துவமனையில் யாரிடம் கேட்டாலும் அவருடைய கையைப் பற்றிச் சொல்லுமுன் வாயைப் பற்றிச் சொல்வார்கள். தீக்காயக் கட்டைப் பிரிப்பது லேசான காரியம் இல்லை. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புநீரை ஊற்றி ஊற்றி ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் தோலும் சேர்ந்து வந்துவிடும். வினோலியா உப்புநீரோடு பேச்சையும் சேர்த்து ஊற்றுவார்.

“ஆடு குட்டி போட்டுச்சுன்னீகளே, கெடாயா பெட்டையா?”

“பெட்டதேன் சிஸ்டர்.”

“ஒண்ணா, ரெட்டையா?”

“ரெட்ட.”

“ரெண்டுக்கும் பால் பத்துதா?”

பால் பத்துகிறதா என்று நோயாளி யோசித்து முடிப்பதற்குள் பழைய கட்டு டிரேயில் கிடக்கும். ‘ஐயோ’ என்று வாயைத் திறந்தவர், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடிக்கொள்வார்.

இந்த வாய்க்குத்தான் ஆங்கிலம் வரவில்லை. அதாவது, வரும், இந்த வாயாக வராது. மருந்துகளின் பெயர், டாக்டருக்குச் சொல்ல வேண்டிய விவரம், இதிலெல்லாம் தடங்கலே இல்லை. ஆனால் ஒரு மனுஷியிடம் ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டியை விசாரிக்கச் சொன்னால், வேறு யாரோ ஒரு விறைப்பான பெண்மணி வந்து அவர் உடம்புக்குள் உட்கார்ந்துகொள்வார். முதுகு நேராகிவிடும். தோள் ஏறிவிடும். குரல் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் வரவேற்புரை வாசிப்பதுபோல் ஆகிவிடும். அந்தப் பெண்மணியை எப்படியாவது வெளியே அனுப்பிவிடுவதற்குத்தான் இத்தனை முணுமுணுப்பும்.

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போக விரும்பும் நர்சுகளுக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நான்கு பகுதி. முதல் மூன்றையும் வினோலியா தாண்டிவிட்டார். பேச்சு மட்டும் போன தடவை மயிரிழையில் போயிற்று. தேறிய மதிப்பெண்களுக்கும் ஆயுள் உண்டு. வருகிற சனிக்கிழமை மதுரையில் பேச்சுத் தேர்வை மறுபடி எழுதவில்லை என்றால், அல்லது எழுதியும் தவறினால், மூன்றும் காலாவதியாகிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தன்னிடம் தெம்பில்லை என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஜெயசுந்தருக்கும் தெரியும். ஆகவே இந்தச் சனிக்கிழமைதான் கடைசி என்று இருவரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏன் போக வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சபையில் கேட்டவர்களிடம், “கர்த்தர் கதவத் தெறந்தா நொழஞ்சு பாக்கலாம்னுதான்.” பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் பியூலாவிடம், “ஒனக்காகத்தான்.” மாரிச்செல்வியிடம் மட்டும், “அங்கன ஒரு நர்சுக்கு நாலஞ்சு பேசண்டுதானாம்க்கா. பக்கத்துல ஒக்காந்து பேச நேரம் இருக்குமாம்.” கடைசிப் பதில்தான் உண்மை என்பது மாரிச்செல்வியின் கட்சி. “இங்க பேசுற பேச்சு பத்தலையாம். கடல் தாண்டிப் போய்ப் பேசப் போறாக.”

பாடம் நடப்பது பெரும்பாலும் பஸ்ஸில். திருத்தங்கலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் ஒரு காதில் இயர்போன் ஏறும். இன்னொரு காதை ஊருக்கு விட்டுவைத்திருப்பார். கண்டக்டர் சில்லறை கேட்பதும் காதில் விழ வேண்டும் அல்லவா. கோயம்புத்தூரிலிருந்து பிரீத்திகா என்ற இளம்பெண் செல்போன் வழியே வகுப்பு எடுக்கிறாள். தினமும் காலையில் பேச்சுவழக்கு ஆங்கிலம் கொஞ்சம் அனுப்பிவைப்பாள். அதைக் கேட்டபடி, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டே வருவார் சிஸ்டர். வழக்கமாகக் கூட வரும், தீப்பெட்டி ஆபீஸில், அதாவது ஆலையில், வேலை பார்க்கும் பெண்கள் அந்த நேரத்தில் சத்தமாகப் பேசமாட்டார்கள். “சிஸ்டர் ஜெபம் பண்றாக” என்று ஒருத்தி மற்றவளை அடக்குவாள். ஜெபம் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல வினோலியாவுக்கு மனம் வந்ததில்லை. அது முழுப்பொய்யும் இல்லை.

கற்றதை அவர் மனப்பாடம் செய்வதில்லை. ஆளோடு சேர்த்து வைத்துக்கொள்வார். வலிக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் என்று பிரீத்திகா அனுப்பிய வாரம், வார்டு முழுக்கப் போய் எப்படி வலிக்கிறது என்று விசாரித்தார். வலது கை வெந்து கிடந்த கண்ணுச்சாமியிடம்தான் முதலில் கேட்டார். கண்ணுச்சாமி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். வாயில் சர்க்கரையும் மிளகாயும் சேர்ந்தே இருக்கும்.

“எப்படி வலிக்குது அண்ணாச்சி?”

“வலிக்குதுன்னா வலிக்குதுதேன். அதுல என்ன எப்படி?”

“குத்துதா, கடுக்குதா, எரியுதா?”

கண்ணுச்சாமி கையைப் பார்த்தார். இதுவரை அதை அவர் அப்படிக் கேட்டதில்லை போலும். “விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“த்ராபிங்.”

“பேரு வச்சிட்டா கொறஞ்சிருமா?”

“கொறையாது. எது கொறைஞ்சது எது கூடுச்சுன்னு சொல்லத் தெரியும்ல.”

சுள்ளென்று எரிந்தால் ஸ்டிங்கிங். மந்தமாக, எங்கே என்று கைவைக்க முடியாமல் வலித்தால் டல் ஏக். ஊசி குத்துவதுபோல் ஓடினால் ஒன்று, சுருக்கென்று பிடித்தால் ஒன்று. தமிழில் இருக்கும் எதற்கும் ஆங்கிலத்தில் இணை கிடைத்துவிட்டால் அவருக்கு வரும் மகிழ்ச்சி, காணாமல் போன கத்தரிக்கோல் கிடைத்த மகிழ்ச்சி. ‘கடுக்குது’ என்பதற்கு மட்டும் திருப்தியாக ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து டூட்டி டாக்டர் சுற்றுக்கு வந்தபோது கண்ணுச்சாமி படுத்தபடியே அறிக்கை கொடுத்தார்: “இன்னைக்கி த்ராபிங் இல்ல டாக்டர். வெறும் ஸ்டிங்கிங்தேன்.” டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்து, உதட்டுப் புண் இழுத்து, “ஸ்டிங்கிங்” என்றார்.

எல்லாப் பாடமும் அவருக்குப் பிடித்துவிடாது. இரண்டு பேர் ரொம்ப ஒட்டுதலாகப் பழகினால், ‘வீடு தீப்பற்றினதுபோலப் பழகுகிறார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டாம். பிரீத்திகாவின் குரல் அதைச் சொன்ன இடத்திலேயே நிறுத்தி, இயர்போனைக் கழற்றிவிட்டார். வார்டுக்கு வந்து மாரிச்செல்வியிடம் சொன்னார். மாரிச்செல்வி வாளியைக் கீழே வைத்தார்.

“அவுக ஊருல பட்டாசு ஆபீசு இல்ல போல.”

அந்தச் சொல்லை அவர் கற்கவில்லை. தேர்வில் அதற்காக மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் இறப்பைச் சொல்லாமல் சொல்லும் சொற்கள் பற்றிய பாடம் ஒரே மூச்சில் வந்தது. ஆங்கிலத்தில் ‘கடந்து போனார்’ என்கிறார்கள், ‘நம்மோடு இல்லை’ என்கிறார்கள், ‘இழந்துவிட்டோம்’ என்கிறார்கள். தவறிட்டாரு, காலமாயிட்டாரு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று கேட்டே வளர்ந்த காதுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. “இதுல மட்டும் எல்லாச் சனமும் ஒண்ணுபோலத்தான்ம்மா இருக்கு” என்று பிரீத்திகாவிடம் சொன்னார்.

சொல்லாமல் விடுவது இந்த ஊரில் ஒரு மரியாதை. கடையிலிருந்து கிளம்புகிறவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்பார்கள். கிளம்புகிறவர் ‘வாரேன்’ என்பார். துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியும் அப்படித்தான். குணமாகிப் போகிறவரிடம் எந்த நர்சும் ‘வாங்க’ என்று சொல்லமாட்டார். சொன்னால் அது வாழ்த்து ஆகாது. வினோலியா இதில் இன்னும் ஒரு படி கறார். “கெளம்புங்க. இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது” என்று விரட்டுவதுபோல் அனுப்பிவைப்பார். கட்டு மாற்ற மறுபடி வரவேண்டியவர்களிடம், “செவ்வாக்கெழம கட்டு மாத்தணும், ஞாபகமிருக்கட்டும்” என்பதோடு சரி. யார் வரவேண்டும், எங்கே வரவேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. அவர்களும் “சரி சிஸ்டர்” என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவர் பாக்கியில்லாமல் வந்து நிற்பார்கள்.

போன தடவை அவரை விழவைத்தது இதுதான்.

பேச்சுத் தேர்வில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். எதிரே ஒரு அம்மாள் நோயாளியாக நடிப்பார். சீட்டில் உள்ளபடி நர்ஸ் பேச வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். வினோலியாவுக்கு வந்த சீட்டைப் பார்த்ததும் கர்த்தர் கதவைத் திறந்தேவிட்டார் என்றுதான் நினைத்தார். கொதிக்கும் எண்ணெய் கையில் பட்டு, சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண். பயந்திருக்கிறாள். காயத்தை விளக்க வேண்டும், தைரியம் சொல்ல வேண்டும், மறுபடி வரவேண்டிய நாளைச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் நாள்தோறும் செய்யும் வேலை. காயம் எப்படி ஆறும் என்று விளக்கினார். ‘யூ ஆர் இன் குட் ஹேண்ட்ஸ்’ என்று, நல்லவர்கள் கையில்தான் இருக்கிறீர்கள் என்று, தைரியம் சொன்னார். கட்டைச் செவ்வாய்க்கிழமை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். நடிக்கிற அம்மாள், சொல்ல வேண்டியதை எடுத்துக்கொடுப்பதுபோல, ஆங்கிலத்தில் கேட்டார்: “அப்படியென்றால் நான் மறுபடி இங்கே வரவேண்டுமா?”

வினோலியாவின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து மறுத்தன. “நோ, நோ. நத்திங் லைக் தட். யூ வில் பி ஆல்ரைட்.”

நேரம் முடிந்தது.

“மேம், வரணுமான்னு அவங்களே கேட்டாங்க. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்க” என்றாள் பிரீத்திகா, முடிவு வந்த அன்றைக்கு.

“வேண்டாம்னு சொல்லலம்மா. அப்படி ஒண்ணும் வராதுன்னுதான் சொன்னேன்.”

“டிரெசிங்குக்கு வரணுமில்லைங்களா மேம்?”

“வருவாக. அத வாயால சொல்லணுமா?”

“சொல்லணும்ங்க மேம். அங்கெல்லாம் ‘சீ யூ’ன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க. சொல்லலைன்னா அவங்களுக்கு மனசு சங்கடமா இருக்கும், நம்மளக் கைவிட்டுட்டாங்களோன்னு.”

வினோலியாவை உலுக்கியது அந்தக் கடைசி வாக்கியம். பயம் போகட்டும் என்று அவர் விழுங்கும் சொல்லை, பயம் போவதற்காகவே ஒரு ஊரில் எதிர்பார்த்திருப்பார்கள். இதை அவர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஜெயசுந்தரிடம் சொன்னார்.

ஜெயசுந்தர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேன். ஆடி தொடங்கிவிட்டால் காலண்டர் சீசன்; நகக்கண்ணில் ஊதாவோ சிவப்போ இருந்துகொண்டே இருக்கும். மனைவியின் படிப்புக்கு வீட்டில் நோயாளி அவர்தான். வேலை முடிந்து வந்து, குளித்து, கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் படுத்துவிடுவார். நடிப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போகும்.

“வேர் இஸ் த பெயின்?”

“எல்லா எடத்துலயும்.”

“ஒழுங்கா சொல்லுங்க. சீட்டுல கைன்னு போட்டுருக்கு.”

“கைதான். ஆனா மனசும் சரியில்ல சிஸ்டர். வீட்டுல சம்சாரம் இங்கிலீசுலயே திட்டுது.”

இப்படிப் பாதி நேரம் சிரிப்பில் போகும். கடைசிக் கட்டம் வந்தால் மட்டும் வீடு அமைதியாகிவிடும். ‘நான் மறுபடி வரவேண்டுமா’ என்று அவர் கேட்பார். ‘யெஸ்’ வரை வரும். அதற்கு மேல் வராது.

“ஒங்களப் பாத்து அதச் சொல்ல மாட்டேன். போங்க அங்கிட்டு.”

“நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“அதனாலதான்.”

ஜெயசுந்தர் எழுந்து, தலையணையைச் சுவரில் சாய்த்து, அதற்குத் துண்டைக் கட்டிவிட்டார். தலையணையிடம் வினோலியா அழகாகச் சொன்னார், குரலில் கனிவோடு, ஒரு தடங்கலும் இல்லாமல்: “சீ யூ ஆன் டியூஸ்டே.” கணவர் கைதட்டினார். “தலகாணிக்குத்தானே சொன்னேன்” என்று வினோலியா சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

தேர்வுக்கு முந்தைய வாரம், வெள்ளிக்கிழமை, கண்ணுச்சாமிக்கு டிஸ்சார்ஜ். மனைவி வேல்விழி பையையும் தட்டையும் கட்டிவைத்து, செருப்பைக் கட்டிலுக்குக் கீழே எடுத்துப் போட்டுவிட்டு நின்றிருந்தார். சிஸ்டருக்குத் தேர்வு என்பதும் எங்கே இடறுகிறது என்பதும் மாரிச்செல்வி புண்ணியத்தில் வார்டு முழுக்கத் தெரியும். கண்ணுச்சாமி செருப்பை மாட்டவில்லை.

“சிஸ்டர், எங்கிட்டச் சொல்லிப் பாருங்க.”

“என்னத்த?”

“அதேன். செவ்வாக்கெழம பாப்போம்னு. இங்கிலீசுல.”

வேல்விழி பையைக் கீழே வைத்தார். “ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு.”

“நீ சும்மா இரு. எம்புட்டு நாளா நம்மளப் பாத்துருக்காக. இது ஒண்ணு செய்யக் கூடாதா? இங்கிலீசுல சொன்னா நம்ம சாமிக்கு எங்க வெளங்கப் போகுது?”

மாரிச்செல்வி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டில்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வினோலியா கண்ணுச்சாமியின் கையைப் பார்த்தார். புதுத் தோல், பிறந்த குழந்தையின் உள்ளங்கால்போல இளஞ்சிவப்பாக, கட்டின் ஓரத்தில் தெரிந்தது. எத்தனை நாள் ஊற்றிய உப்புநீர். ‘சீ’ என்று வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

“செவ்வாக்கெழம கட்டு மாத்தணும்” என்றார் தமிழில். “கெளம்புங்க. ஆட்டோ நிக்குது.”

வேல்விழியின் முகம் தெளிந்தது. கண்ணுச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். வாசல் படியில் இறங்கியவர் நின்று, திரும்பி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “சீ யூ சிஸ்டர்.”

வேல்விழி அவர் முதுகில் வைத்த அடியின் சத்தமும் வார்டு முழுக்கக் கேட்டது. வினோலியா சிரிக்கவில்லை. ஆட்டோ நகர்கிற சத்தம் வரும்வரை நின்றார். பிறகு மெத்தையைத் திருப்பினார். அன்றைக்கு அடியில் கிடக்கும் ரப்பர் ஷீட்டையும் எடுத்துத் திருப்பிப் போட்டதை மாரிச்செல்வி பார்த்தார். பார்க்காததுபோல் தரையைப் பெருக்கினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வினோலியா வழக்கத்தைவிட முன்னதாக வேலைக்கு வந்தார். டிரெசிங் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மாரிச்செல்வி டீயைக் கொண்டுவந்து கொடுத்து, “இத இங்கன குடிப்பீகளா, லண்டன்ல போய்க் குடிப்பீகளா?” என்று கேட்டபோதும் சிஸ்டர் டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு நடந்தார். வெயில் ஏறிய பிறகு கண்ணுச்சாமி வந்தார், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட வேல்விழி கூடவே.

“பாத்தீகளா? சொல்லிட்டுத்தேன் போனேன். ஒண்ணும் ஆகல.”

“ஒக்காருங்க. வாயக் கொறைங்க” என்றார் சிஸ்டர். கட்டைப் பிரித்தார். புண் நன்றாக ஆறியிருந்தது. ஆட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவர் அன்றைக்கு விசாரிக்கவில்லை. அவருக்குப் பதிலாகக் கண்ணுச்சாமியே எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். விருதுநகர் தாண்டும்வரை வினோலியா இயர்போனைக் காதில் வைத்திருந்தார். பிறகு கழற்றிப் பையில் போட்டுவிட்டார். தேர்வு நடக்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருந்தது. ஜெயசுந்தர் அதன் நிழலில் நின்றுகொண்டார். “தலகாணின்னு நெனச்சுக்கோ” என்றார். வினோலியா தலையை மட்டும் ஆட்டினார். இந்த வாசலுக்கு மறுபடி வர வேண்டாம் என்றோ என்னவோ, அவரிடமும் ‘வாரேன்’ என்று சொல்லவில்லை.

உள்ளே அதே அம்மாள். வெளுத்த பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி. இந்தத் தடவை சீட்டில் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை; சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். வினோலியா சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் முதலில் போனது அந்த அம்மாளின் இடது ஆள்காட்டி விரலுக்கு. அதில் ஒரு சின்ன பிளாஸ்டர். இது சீட்டில் இல்லாதது. காலையில் காய் நறுக்கும்போது பட்டிருக்கும்.

கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. விறைப்பான பெண்மணி வந்து உட்காரப் பார்த்தார். வினோலியா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலி எப்படி என்று கேட்டார். மந்தமாகவா, குத்துவதுபோலவா. இரவில் கூடுகிறதா. காலை ஊன்றாமல் இருக்கிறீர்களே, அப்படியென்றால் வீட்டில் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்த அம்மாள் ஒரு கணம் சீட்டைப் பார்த்தார். அதில் செடி எதுவும் இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண் ஊற்றுகிறாள், ஆனால் அளவு தெரியாமல் ஊற்றி அழுக வைத்துவிடுவாள் என்று சொல்லத் தொடங்கினார். வினோலியா கேட்டுக்கொண்டே காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய முறைகளை நடுநடுவே சொல்லிப் போனார். ‘பிட் பை பிட்’ என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆறும். ‘யூ ஆர் ஆன் த மெண்ட்’ என்றார்.

முடியும் இடம் வந்தது. அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, போன தடவை கேட்ட அதே குரலில் கேட்டார். மறுபடி வரவேண்டுமா?

வினோலியா பிளாஸ்டர் ஒட்டிய விரலைப் பார்த்தார். கைகள் எழப் பார்த்தன. மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“யெஸ்,” என்றார். “ப்ளீஸ் கம் பேக். சீ யூ ஆன் டியூஸ்டே.”

தலையணையிடம் சொன்ன அதே கனிவு அதில் இருந்தது. அம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நடிப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. சிவப்பு விளக்கு அணைந்தது. நன்றி சொல்லிவிட்டு அவர் எழுந்து, கதவைத் திறந்துவிடுவதற்காக முன்னால் நடந்தார்.

வினோலியாவும் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். மேசையைச் சுற்றி இரண்டு எட்டு வைத்தார். அந்த அம்மாளின் முதுகு இந்தப் பக்கம் இருக்கும்போதே, அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கால் தரையில் உரசாமல் மெல்லத் தூக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.